கை நமுத்துப் போகிறதா? கவலையை விடுங்கள்!

தீக்குச்சி நமுத்துப் போனால், இரண்டு தடவை உரசிப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடலாம். கையே நமுத்துப் போனால்?

குடியாத்தத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் வேதனை புரியும். தீப்பெட்டி, கைலி, பீடி என்று கையை நம்பிப் பிழைக்கிற ஊர் அது. வைகாசி பிறந்து, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நடக்கும் நேரத்தில் அங்கே அடிக்கிற வெயிலில் யாருக்குத்தான் வியர்க்காது? ஆனால், மார்கழிப் பனியிலும் ஒருவருக்கு உள்ளங்கை சொட்டுகிறது என்றால்? லேபிள் ஒட்டினால் காகிதம் ஊறிப்போகும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் பரீட்சைத் தாளில் மை கலையும். "பயந்தாங்கொள்ளி! அதான் கை இப்படி வேர்க்குது" என்று பெற்றவர்களே சொல்லிவிடுவார்கள்.

அது பயமல்ல. 'ஹைப்பர்ஹைட்ரோசிஸ்' என்கிற மிகை வியர்வை நோய். இதற்கு வைத்தியமும் உண்டு.

ஏன் இப்படி?

நம் உடம்பில் சுமார் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. உள்ளங்கை, உள்ளங்காலில் இவை ரொம்ப நெருக்கம். உடம்பு சூடானால், 'தண்ணீரை விடு' என்று பரிவு நரம்புகள் இவற்றுக்கு உத்தரவு போடும். சிலருக்கு இந்த உத்தரவு தேவையில்லாமலே ஓயாமல் போய்க்கொண்டிருக்கிறது. சுரப்பியில் கோளாறு இல்லை, உத்தரவில்தான் கோளாறு. மனப்பதற்றம் இதை அதிகமாக்கும். ஆனால் அதுவே மூல காரணம் அல்ல. பெரும்பாலும் சிறு வயதிலோ, பருவ வயதிலோ ஆரம்பிக்கும். அப்பா, அத்தை என்று குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்கலாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பிள்ளை நன்றாகத் தூங்கும்போது உள்ளங்கையைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருக்கிறதா? இரண்டு கையும் ஒரே மாதிரி வியர்க்கிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் இந்த வகைதான். உயிருக்கு ஆபத்தில்லை.

எப்போது அலட்சியம் கூடாது?

தூக்கத்தில் துணி நனைகிற மாதிரி வியர்வை, சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல்... இவை இருந்தால் காசநோயா என்று சளிப் பரிசோதனை செய்யுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். எடை குறைந்து, படபடப்பு, கை நடுக்கத்தோடு உடம்பெல்லாம் வியர்த்தால் தைராய்டைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவருக்குத் திடீரென்று சில்லென வியர்த்து, நடுங்கினால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கலாம். நினைவு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நெஞ்சு வலியோடு வியர்வையா? யோசிக்காமல் 108-ஐ கூப்பிடுங்கள்.

என்ன வைத்தியம்?

தோல் பதனிடும் இடங்களில் அந்தக் காலத்திலிருந்தே ஆவாரம்பட்டை பயன்படுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். தோலை இறுக்குவது அதிலுள்ள டானின் என்கிற துவர்ப்புச் சத்து. தேயிலையிலும் அது உண்டு. பால், சர்க்கரை சேர்க்காத டீ டிகாக்ஷனை ஆறவைத்து, தினம் அரைமணி நேரம் கையை ஊறவிட்டால் லேசான தொந்தரவு சிலருக்குக் குறையும்.

இது போதாதவர்களுக்கு அலுமினியம் குளோரைடு கரைசல் இருக்கிறது. டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். ராத்திரி படுக்கப் போகும்போது, ஈரமே இல்லாத தோலில் தடவி, காலையில் கழுவிவிட வேண்டும். ஈரத்தில் தடவினால் எரியும். வியர்வை குறைந்த பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் போதும்.

அதற்கும் அடங்காவிட்டால் 'அயன்டோஃபோரெசிஸ்'. தட்டில் தண்ணீர் ஊற்றி, கையை வைத்து, மிக மெல்லிய மின்சாரம் செலுத்துவார்கள். ஒரு தடவைக்கு சுமார் 20 நிமிடம். ஆரம்பத்தில் வாரம் மூன்று தடவை. கர்ப்பிணிகளுக்கும், பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் கூடாது. "நாமே செய்து பார்த்தால் என்ன?" என்று வீட்டு கரண்டில் கை வைத்துவிடாதீர்கள். உயிருக்கே ஆபத்து!

கிளைகோபைரோலேட், ஆக்ஸிபியூட்டினின் மாத்திரைகளும் உண்டு. வாய் உலரும், மலச்சிக்கல் வரலாம். முக்கியமாக, உடம்பு முழுக்க வியர்வை குறைவதால் வெயிலில் வேலை செய்பவர்களுக்கு வெப்பத்தாக்கு வரும் அபாயம் இருக்கிறது. டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது.

போடாக்ஸ் ஊசி பல மாதங்கள் பலன் தரும். செலவு அதிகம், உள்ளங்கையில் போட்டால் வலிக்கும். நரம்பைத் துண்டிக்கிற ஆபரேஷன் கடைசி வழிதான். கை காய்ந்துவிடும், ஆனால் பலருக்கு முதுகிலும் வயிற்றிலும் வியர்வை கொட்ட ஆரம்பித்துவிடும். வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளின் தோல் நோய்ப் பிரிவில் எல்லாவற்றையும் கேட்டறிந்து முடிவு செய்யுங்கள்.

காலுக்கும் கவனிப்பு

குரோமியம் போட்டுப் பதனிட்ட தோலில் வியர்வை ஊறினால், குரோமிய உப்பு கொஞ்சம் கரைந்து வரும். ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பாதத்தில் அரிப்பு, கரப்பான் வரலாம். பருத்தி சாக்ஸ் போட்டு, நனைந்ததும் மாற்றுங்கள். ஒரே ஷூவைத் தினமும் போடாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் காயவிடுங்கள்.

இன்னொன்று... "தண்ணி குடிச்சாத்தானே வேர்க்கும்" என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். வியர்வை நிற்காது, சிறுநீர்க் கடுப்பும் மயக்கமும்தான் வரும். உப்புப் போட்ட நீர்மோர் தாராளமாகக் குடியுங்கள்.

கை வியர்க்கிற பிள்ளையைத் திட்டுவதால் வியர்வை கூடுமே தவிர, குறையாது. "நீ பயந்தவள் இல்லை, இது ஒரு நோய், சரிப்படுத்தலாம் வா" என்று டாக்டரிடம் அழைத்துப் போங்கள். இத்தனை நாள் கைக்குட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த கையை அவள் தயங்காமல் நீட்டுவாள்!