டிராக்டர் கொட்டகைத் தரைக்கு ஏற்ற பூச்சு எது?

திருத்தணி வட்டாரத்தில் டிராக்டர் அல்லது பவர் டில்லர் வைத்திருக்கும் சிறு விவசாயிகளில் பலருக்குக் கொட்டகை ஒன்றுதான். வண்டி நிற்பதும் அங்கேதான். உர மூட்டைகளும், விதைக்கென எடுத்து வைத்த நிலக்கடலையும் இருப்பதும் அங்கேதான். ஆகவே கொட்டகைத் தரை கெட்டால் நட்டம் தரையோடு நின்றுவிடுவதில்லை. தரையிலிருந்து ஏறும் ஈரம் மூட்டையைத் தாக்கினால் கடலையில் பூஞ்சாணம் பிடிக்கும். முளைப்புத் திறன் குறையும். அஃப்ளடாக்சின் என்னும் நச்சும் உண்டாகலாம். 1960-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டதற்கு, தீவனத்தில் கலந்திருந்த பூஞ்சாணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டது. அதன் பிறகே இந்த நச்சு உலகுக்குத் தெரியவந்தது.

சிமெண்ட் தரை பொரிந்து தூசி கிளம்பத் தொடங்கியதும், விலை உயர்ந்த பெயிண்ட் ஒன்றை வாங்கி அடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். பூச்சு எவ்வளவு உயர்ந்ததாயினும் அதன் ஆயுளை நிர்ணயிப்பது கீழே உள்ள தரையே ஆகும். ஈரமும் எண்ணெயும் உள்ள தரையில் எந்தப் பூச்சும் நிலைத்து நிற்காது. எனவே கடைக்குப் போகுமுன் தரையைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

செலவில்லாத மூன்று சோதனைகள்

முதலாவது, ஈரச் சோதனை. ஒன்றரை அடி சதுரமுள்ள கனமான பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டிவிட வேண்டும். ஒரு முழு நாள் கழித்துத் தாளை எடுத்துப் பார்க்கவும். அடிப்புறத்தில் நீர்த்துளிகள் கோத்திருந்தாலோ, அவ்விடத்தில் தரை கருத்திருந்தாலோ கீழிருந்து ஈரம் ஏறுகிறது என்று பொருள். சித்திரை வெயிலில் இச்சோதனை செய்தால் ஏமாற்றிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த கையோடு செய்வதே சரியானது.

இரண்டாவது, எண்ணெய்ச் சோதனை. வண்டி நிற்கும் இடத்தில் சில துளி நீர் விடவும். நீர் பரவி உறிஞ்சப்பட்டால் தரை சுத்தமாக உள்ளது. முத்துப்போல் திரண்டு நின்றால் என்ஜின் ஆயிலோ கிரீஸோ ஊறியிருக்கிறது.

மூன்றாவது, உறுதிச் சோதனை. ஓர் ஆணியால் அழுத்திக் கீறிப் பார்க்கவும். பொடிப்பொடியாக உதிர்ந்தால் மேல்தளம் வலுவிழந்துவிட்டது. அந்தப் பகுதியைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசாமல் எதை அடித்தாலும் பயனில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

வீட்டுக் கூடத்துக்கு அழகாக அமையும் ரெட் ஆக்சைடு தரை, வண்டிக் கொட்டகைக்கு ஏற்றதன்று. டயரில் ஒட்டிவரும் மணலும் கல்லும் அதைக் கீறிவிடும். கடப்பைக் கல் பதிக்கலாம். எனினும் அடியில் கலவை முழுவதும் நிரம்பாமல் பொள்ளலாக இருந்தால் டிராக்டரின் பாரத்தில் கல் வெடிக்கும். அது சுண்ணாம்புக் கல் வகையாதலால் பேட்டரி அமிலம் சிந்தினால் அரிக்கப்படும்.

தூசி எழும்புவது மட்டுமே குறையாக இருந்து, தரை மற்றபடி உறுதியாக இருந்தால், சோடியம் சிலிகேட் கரைசலே சிறு விவசாயிகளுக்குச் சிக்கனமான வழி. இது சோப்புத் தயாரிப்பில் சேர்க்கப்படும் 'வாட்டர் கிளாஸ்' தான். இது சிமெண்டில் எஞ்சியுள்ள சுண்ணாம்புடன் சேர்ந்து இறுகி, நுண்துளைகளை அடைக்கிறது. மேலே தோலாகப் படிவதில்லை. எனவே உரிவதும் இல்லை. கரைசல் ஒரு பங்குக்கு நீர் நான்கு பங்கு சேர்த்து, கழுவிக் காய்ந்த தரையில் துடைப்பத்தால் சீராகப் பரப்ப வேண்டும். ஒரு நாள் காயவிட்டு, நீரால் கழுவி உலர்த்தி மறுமுறை பரப்பலாம். இவ்வாறு மூன்று முறை செய்வது நல்லது. காரத்தன்மை உள்ள பொருளாதலால் கைக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு தேவை. ஆனால் இது எண்ணெய்க் கறையை முழுவதும் தடுக்காது. பிற்காலத்தில் எபாக்ஸி அடிக்கும் எண்ணம் இருந்தால் இதைப் பயன்படுத்தக் கூடாது. இதன் மேல் எபாக்ஸி சரிவர ஒட்டாது.

எபாக்ஸி, பிசினும் கெட்டிப்படுத்தியும் என இரண்டு தகரங்களாக வருவது. எண்ணெய், டீசல், கிரீஸ் ஆகியவற்றைத் தாங்கும்; துடைத்தால் சுத்தமாகிவிடும். ஈரச் சோதனையில் தேறிய, வெயில் நேராகப் படாத கொட்டகைக்கு மட்டுமே இது ஏற்றது. ஈரம் ஏறும் தரையில் கொப்புளித்து உரியும். வெயில் படும் வாசல் பகுதியில் மஞ்சளித்து மாவுபோல் உதிரும்.

எபாக்ஸி அடிக்கும் முறை

புதிய கான்கிரீட் தளமானால் 28 நாட்கள் கழிந்த பின்னரே அடிக்க வேண்டும். பழைய தரையில் எண்ணெய் ஊறிய இடங்களில் மரத்தூளைத் தூவி உறிஞ்சச் செய்து, சலவைச் சோடா கலந்த வெந்நீரால் தேய்த்துக் கழுவவும். நீர்த்துளிச் சோதனையில் தேறும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். வழவழப்பான தரையில் பிடிப்பு இராது. ஆதலால் மொசைக் தேய்க்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, தூசியை முழுவதும் அகற்றி நன்கு உலரவிட வேண்டும்.

மாசி, பங்குனி மாதங்கள் இவ்வேலைக்கு உகந்தவை. தரை சூடேறும் காலை நேரத்தில் அடித்தால் நுண்துளைகளில் உள்ள காற்று விரிந்து குமிழிகள் தோன்றும். வெயில் தாழ்ந்த பிறகு அடிப்பது நல்லது. தகரத்தில் குறித்துள்ள விகிதத்தை அளந்தே கலக்க வேண்டும். கண் மதிப்பு உதவாது. நம் பகுதி வெப்பத்தில் கலந்த பெயிண்ட் பாத்திரத்திலேயே இறுகிவிடும். ஆகவே அரை மணி நேரத்தில் அடிக்கக்கூடிய அளவு மட்டும் கலக்கவும். முதலில் பிரைமரும், பிறகு இரண்டு பூச்சும் தேவை. வழுக்காமல் இருக்க, முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே நுண்மணலை லேசாகத் தூவலாம். ஒரு நாள் கழித்து நடக்கலாம். வண்டியை ஏற்ற ஏழு நாட்கள் பொறுத்திருக்க வேண்டும். வேலையின்போது கதவு, ஜன்னல்களைத் திறந்து வைப்பதும், கையுறை அணிவதும், பீடி நெருப்பை அருகில் கொண்டுவராதிருப்பதும் அவசியம்.

புதிதாகத் தளம் போடுவோருக்கு

தரைமட்டத்துக்கு மேல் ஓரடி உயர்த்தி மண்ணை நன்கு கெட்டித்து, அதன் மேல் 250 மைக்ரான் பாலிதீன் தாளை விரித்து கான்கிரீட் போட்டால் ஈரம் ஏறுவது பெரிதும் தடுக்கப்படும். 20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அங்குல கனம் உள்ள தளத்துக்கு 1:1½:3 கலவையில் சிமெண்ட் 15 மூட்டை, மணல் 28 கன அடி, முக்கால் அங்குல ஜல்லி 56 கன அடி தேவைப்படும். மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் நீர் சேர்க்கலாகாது. வேலை எளிதாகட்டும் என்று கூடுதலாக ஊற்றும் நீரே பிற்காலத்தில் தூசியாகக் கிளம்புகிறது. வாசலை நோக்கிச் சிறிது சரிவு கொடுத்து, 14 நாட்கள் ஈரம் காயாமல் நீர் கட்டி வைக்க வேண்டும்.

எந்தப் பூச்சானாலும் சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புக் கேஜ் வீலைத் தாங்காது. அதைக் கழற்றிய பிறகே வண்டியை உள்ளே விடவும். அம்மோனியம் சல்பேட் சிமெண்டை அரிக்கும் தன்மையுடையது. சிந்தினால் உடனே கூட்டி அள்ளிவிட வேண்டும். கடலை மூட்டைகளை உரத்திலிருந்தும் சுவரிலிருந்தும் விலக்கி, மரப்பலகை மேல் அடுக்கவும். பெயிண்ட் அடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் மூட்டையைத் தரையில் கிடத்த வேண்டாம்.

இந்த மழைக்காலம் முடிந்ததும் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பாருங்கள். பெயிண்டுக்குப் பணம் செலவிடலாமா, வேண்டாமா என்பதை உங்கள் தரையே சொல்லிவிடும்.