எட்டரை டிகிரி தலைவலி

வராகமூர்த்தி கோயிலும் பெரிய குளமும் உள்ள திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் மொட்டை மாடி ஏறினாலும் துருவ நட்சத்திரத்தைப் பார்ப்பது கஷ்டம். ஊரின் அட்சரேகை சுமார் எட்டரை டிகிரி. துருவ நட்சத்திரம் நிற்கும் உயரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரு தென்னை போதும், மறைத்துவிடும். 1837இல் சுவாதித் திருநாள் மகாராஜா வானாய்வுக்கூடம் நிறுவிய நகரம் இது. ஆனால் இங்கே மோட்டார் டெலஸ்கோப் வாங்குகிறவருக்குத் தலைவலி இந்த எட்டரை டிகிரியில்தான் தொடங்குகிறது.

பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்வதால் டெலஸ்கோப்பில் பிடித்த வியாழன் சீக்கிரமே நழுவிவிடும். அதைத் துரத்துவது டெலஸ்கோப்பைத் தாங்கும் மவுண்டின் வேலை. ‘ஈக்வடோரியல்’ ரக மவுண்டின் முக்கிய அச்சு வானத் துருவத்தை நோக்கியிருக்க வேண்டும். லண்டனில் அது 51 டிகிரி நிமிர்ந்து நிற்கும். ஸ்ரீவராகத்தில் கிட்டத்தட்டப் படுத்துவிடும். பல மவுண்டுகள் அவ்வளவு தாழ இறங்குவதில்லை. இறங்கினாலும் பாரம் முக்காலியின் மையத்தைவிட்டு வடக்கே தள்ளிப்போகிறது. எதிர் எடை முக்காலியின் காலில் இடிக்கிறது. அசந்தால் எல்லாமே கவிழும்.

இடித்த பிறகும் மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்கும். அப்போது வழுக்கிக்கொடுக்க கிளட்ச் இல்லையென்றால் பற்சக்கரம் போய்விடும். குழாய் காலில் மோதுமுன் நிறுத்தும் எல்லைகளைக் கருவியில் முன்கூட்டியே பதிவு செய்வது நல்லது. பொருத்தும்போது முதலில் எதிர் எடை, பிறகு குழாய்; கழற்றும்போது முதலில் குழாய். பகலில் மோட்டார் தானாகத் திரும்பும் வழியில் சூரியன் குறுக்கிட்டால் ஒரு நொடியில் கண் போய்விடும். குழாயின் முகப்பில் சூரிய வடிகட்டி இல்லாமல் பகலில் மூடியைத் திறக்கவே கூடாது.

தாழ்ந்த அட்சரேகைச் சிக்கலுக்குத் தமிழ்நாட்டில் ஏற்கெனவே ஒரு விடை இருக்கிறது. ஜவ்வாது மலையில் 12.5 டிகிரியில் உள்ள காவலூரில், 2.34 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப் 1986இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் அச்சை வடக்கே குதிரை லாட வடிவ வளையமும் தெற்கே ஒரு முனையும் தாங்குகின்றன. பாரம் தாங்குமிடங்களுக்கு உள்ளேயே விழுவதால் கவிழும் பேச்சே இல்லை.

மாடிக்கு அவ்வளவு தேவையில்லை. முக்காலிக்குப் பதில் உறுதியான கான்கிரீட் தூணில் மவுண்டைப் போல்ட் போட்டு இறுக்கினால் இடிக்கக் காலும் இல்லை, கவிழ வழியும் இல்லை. வாங்குமுன் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?” என்பதல்ல, “எட்டரை டிகிரிக்கு இறங்குமா?” என்பதுதான்.