ஜீப்புக்கு எப்போது நீளக் கை வேண்டும்?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்றொரு சிற்றூர். 1967இல் அங்கே தொடங்கிய ‘ஈஸ்டர் ஜீப் சஃபாரி’க்கு நாடெங்கிலுமிருந்து ஜீப் பிரியர்கள் வந்து குவிகிறார்கள். செம்மணற்பாறைச் சரிவுகளில் ஜீப்புகள் ஏறுவதைப் பார்த்தால் முதலில் வியப்புதான் வரும். ஒரு முன்சக்கரம் இடுப்பளவு பாறை மேல் நிற்கும். இன்னொன்று பள்ளத்துக்குள் தொங்கும். ஆனாலும் நான்கு டயர்களும் தரையைப் பிடித்திருக்கும். குனிந்து அடியில் பார்த்தால் ஆக்சிலிலிருந்து வண்டியின் நடுவயிறு வரை நீளும் தடித்த இரும்புத் தண்டுகள் தெரியும்.

அந்தத் தண்டுகளைத்தான் ‘லாங் ஆர்ம்’ என்கிறார்கள். அவற்றோடு ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், பிராக்கெட் எல்லாம் சேர்ந்து வருவது லாங் ஆர்ம் கிட். விலை ஆயிரக்கணக்கான டாலரில் போகும். ஜீப்பை உயர்த்த நினைப்பவர்கள் பலரும் இதைத்தான் உச்சக்கட்ட மேம்பாடாகக் கருதுகிறார்கள். ஆனால் இந்த ஆர்ம்கள் உயரத்துக்கானவை அல்ல. வண்டியை உயர்த்துவது ஸ்பிரிங். உயர்த்தியதால் கெட்டுப்போகும் கோணத்தைச் சரிசெய்வதுதான் நீள ஆர்மின் வேலை.

கோணம் எங்கிருந்து வந்தது? 1987 மாடல் முதல் 1995 மாடல் வரை விற்ற ஜீப்பின் ‘ஒய்ஜே’ ராங்ளரில், லாரிகளில் இருப்பதுபோல லீஃப் ஸ்பிரிங். எடையைத் தாங்குவதும் ஆக்சிலை அதனிடத்தில் பிடித்துவைப்பதும் அதே பட்டைகள்தான். 1997 மாடலாக வந்த ‘டிஜே’ ராங்ளர் காயில் ஸ்பிரிங்குக்கு மாறியது. சொகுசு கூடியது. ஆனால் காயில் ஸ்பிரிங் எடையை மட்டும்தான் தாங்கும். ஆக்சில் முன்னே பின்னே நகர்வதையோ உருளுவதையோ அதனால் தடுக்க முடியாது. அந்த வேலைக்காக ஒவ்வோர் ஆக்சிலுக்கும் நான்கு கண்ட்ரோல் ஆர்ம்கள், பக்கவாட்டில் நகராமலிருக்க ஒரு டிராக் பார். டிஜேயின் கீழ் ஆர்ம் நீளம் சுமார் 16 அங்குலம். நிறுவனம் நிர்ணயித்த உயரத்தில் ஓடும்வரை இந்தக் குட்டை ஆர்ம்களில் குறையொன்றும் இல்லை.

சுவரில் ஒரே உயரத்துக்கு இரண்டு ஏணிகளைச் சாய்த்துப் பாருங்கள். குட்டை ஏணி செங்குத்தாக நிற்கும். நீள ஏணி சாய்வாகப் படுக்கும். ஆர்ம் கணக்கும் அதேதான். தொடக்கத்தில் ஆர்ம் தரைக்கு இணையாக இருந்ததாக வைத்துக்கொள்வோம். வண்டியை 4 அங்குலம் உயர்த்தினால் 16 அங்குல ஆர்ம் ஏறக்குறைய 14.5 பாகை சாய்கிறது. அதுவே 32 அங்குல ஆர்மாக இருந்தால் 7 பாகைதான். இனி ஒரு சக்கரம் பள்ளத்தில் இன்னும் 6 அங்குலம் இறங்கட்டும். குட்டை ஆர்ம் ஆக்சிலின் அந்தப் பக்கத்தை மூன்று அங்குலம் தன்பக்கம் இழுத்துவிடும். நீள ஆர்ம் இழுப்பது ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றே அதிகம்.

இந்த அங்குலங்கள் ஓட்டும்போது உடம்பில் தெரியும். முன் ஆர்ம்கள் ஆக்சிலிலிருந்து பின்னோக்கிச் சென்று சேஸிஸில் சேர்கின்றன. ஆர்ம் அதிகம் சாய்ந்திருந்தால், சக்கரம் மேடொன்றில் மோதி மேலேறும்போது முன்னோக்கியும் நகர வேண்டியிருக்கும், அதாவது மோதிய மேட்டை நோக்கியே. அடி நேராக ஸ்டீயரிங்குக்கும் இருக்கைக்கும் வந்து சேரும். பின்பக்கம் வேறு தொல்லை. செங்குத்தான ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால், சாய்ந்த ஆர்ம்கள் வண்டியின் பின்புறத்தை மேலே தள்ளும். டயர் பிடி விட்டதும் பின்புறம் இறங்கும், பிடித்ததும் மறுபடி எழும்பும். இப்படிக் குதித்துக் குதித்தே ஆக்சில் ஷாஃப்டை உடைத்துக்கொள்பவர்கள் உண்டு. ஒரு பின்சக்கரம் ஏறி மற்றது இறங்கும்போது ஆக்சிலே சற்றுத் திரும்பி, வண்டி பின்சக்கரங்களாலேயே திசை திரும்புவதும் உண்டு.

ஆகவே கிட் வாங்கப் புறப்படுபவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது டயர் அளவு. டயருக்கு ஏற்ற உயரம், உயரத்துக்கு ஏற்ற ஆர்ம் என்பதே வரிசை. இன்றைய ‘ஜேஎல்’ ராங்ளர் ரூபிகான் தொழிற்சாலையிலிருந்தே 33 அங்குல டயரோடு வருகிறது; பெரும்பாலான காட்டுப்பாதைகளுக்கு அது தாராளம். டிஜேயை 2 அல்லது 3 அங்குலம் மட்டும் உயர்த்துபவருக்கு நீள ஆர்ம் வீண்செலவு. 4 அங்குலத்தைத் தொடும்போதுதான் கேள்வி எழுகிறது. அதற்கு மேல் போனால் தேவை தெளிவாகிறது. 2007 மாடலாக வந்த ‘ஜேகே’யிலும் அதன்பின் வந்த ஜேஎல்லிலும் ஆர்ம்கள் இயல்பாகவே டிஜேயைவிட நீளம். அதனால் அந்த எல்லை இன்னும் தள்ளிப்போகிறது.

இடைப்பட்ட வழியும் இருக்கிறது. ஆர்ம் சேஸிஸில் சேரும் இடத்தைக் கீழிறக்கும் பிராக்கெட்டைப் பொருத்தினால், பழைய ஆர்மை வைத்தே கோணத்தை மீட்கலாம். செலவு மிகக் குறைவு, நெடுஞ்சாலைப் பயணத்தில் பலன் உடனே தெரியும். ஆனால் அந்த பிராக்கெட் தரையை நோக்கித் தொங்கும். பாறைமேல் ஏறுபவருக்கு முதலில் உரசுவது அதுதான். சாலையில் ஓட்டுபவருக்குப் பிராக்கெட், பாறையில் ஏறுபவருக்கு நீள ஆர்ம் என்று பிரித்துக்கொள்வது பொருந்தும்.

இனி கிட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். மலிவான சில கிட்களில் ரேடியஸ் ஆர்ம் அமைப்பு இருக்கும். அதில் மேல் ஆர்ம் சேஸிஸுக்குப் போகாமல் கீழ் ஆர்மின் மேலேயே பொருந்திவிடும். பொருத்துவது எளிது, சாலையில் நிதானமாகவும் ஓடும். ஆனால் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும்போது இரண்டு ஆர்ம்களும் ஆக்சிலை எதிரெதிராக முறுக்கப் பார்ப்பதால் அசைவு இறுகிவிடும். நான்கு ஆர்ம்களும் தனித்தனியே சேஸிஸில் சேரும் ஃபோர் லிங்க்கிலும், மேலே ஒற்றை ஆர்ம் மட்டுமுள்ள த்ரீ லிங்க்கிலும் இந்த இறுக்கம் குறைவு. த்ரீ லிங்க்கில் அந்த ஒற்றை மேல் ஆர்மும் அதன் பிராக்கெட்டும் ஆக்சிலை உருட்டப் பார்க்கும் விசை முழுவதையும் தாங்க வேண்டும். அங்கே மெல்லிய தகட்டை ஏற்கக் கூடாது.

அடுத்தது ஜாயின்ட். ரப்பர் புஷ் சத்தமில்லாமல் உழைக்கும், ஆனால் அதிகம் திருகாது. உலோகத்தோடு உலோகம் உரசும் ஹெய்ம் ஜாயின்ட் எந்தப் பக்கமும் திரும்பும். சேற்றிலும் மணலிலும் சீக்கிரம் தேய்ந்து கடகடக்கும். இரண்டுக்கும் நடுவே, கரீ நிறுவனம் உருவாக்கிய ‘ஜானி ஜாயின்ட்’ போன்றவை இருக்கின்றன. உருண்டையை யூரித்தேன் கிண்ணங்கள் பிடித்திருக்கும். கிரீஸ் அடிக்கலாம், தேய்ந்தால் பிரித்து உள்ளிருப்பதை மட்டும் மாற்றலாம். தினமும் அலுவலகத்துக்கும் ஓட்டும் வண்டியென்றால், ஒரு முனையில் ரப்பரும் மறுமுனையில் இத்தகைய ஜாயின்ட்டும் கொண்ட ஆர்ம் நல்ல சமரசம்.

பிராக்கெட்டை போல்ட்டில் மாட்டுவதா, வெல்டிங் செய்வதா? பல கிட்களுக்கு, சேஸிஸில் பழைய பிராக்கெட்களை அறுத்தெடுத்துவிட்டுப் புதியவற்றை வெல்டிங் செய்ய வேண்டும். அறுத்த பிறகு பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. பழைய ‘எக்ஸ்ஜே’ செரோக்கியில் தனிச் சேஸிஸே கிடையாது. உடலும் அடித்தளமும் ஒரே கூடு. அதன் மெல்லிய தகட்டில் நேராக வெல்டிங் செய்தால் கிழிந்துவரும். முதலில் நீளவாட்டில் வலுவூட்டும் தகடுகளைப் பொருத்த வேண்டும்.

பெட்டியில் இல்லாதவற்றுக்கும் பட்ஜெட் வேண்டும். டிஜேயின் வீல்பேஸ் வெறும் 93.4 அங்குலம் என்பதால் பின் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் குட்டை. வண்டி உயர்ந்ததும் அதன் ஜாயின்ட் கோணம் கூடி, ஓட்டத்தில் அதிர்வு வரும். எஞ்சின் சக்தியை இரு ஆக்சில்களுக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸில், ஷாஃப்ட்டைப் பிணைக்கும் வழுக்கி நகரும் யோக்கை எடுத்துவிட்டு நிலையான யோக்கும் இரட்டை ஜாயின்ட் ஷாஃப்ட்டும் போடுவதே நிரந்தரத் தீர்வு. 2003 மாடலாக வந்த டிஜே ரூபிகானில் நிலையான யோக் ஏற்கெனவே உண்டு. நீளமான பிரேக் ஹோஸ், டயர் மட்கார்டில் இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப், டிராக் பார் ஆகியவையும் கணக்கில் வரும். வேகத்தில் ஸ்டீயரிங் வெடவெடவென்று ஆடும் ‘டெத் வாபிள்’ தீரும் என்று நம்பி இந்தக் கிட்டை வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் தேய்ந்த டிராக் பார் புஷ், பால் ஜாயின்ட், சமநிலை தவறிய டயர்கள்தான்.

விளம்பரங்களில் ஆர்டிஐ (ரேம்ப் டிராவல் இண்டெக்ஸ்) என்றோர் எண் அடிபடும். வண்டியின் ஒரு முன்சக்கரத்தை 20 பாகைச் சாய்தளத்தில் ஏற்றுவார்கள். வேறொரு சக்கரம் தரையை விடும்வரை எவ்வளவு தூரம் ஏறியதோ, அதை வீல்பேஸால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் வருவது அந்த எண். சக்கரங்கள் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதை அது சொல்கிறது. பக்கச் சரிவில் வண்டி எவ்வளவு நிதானமாக நிற்கும் என்பதைச் சொல்வதில்லை. கலிஃபோர்னியாவின் சியெரா நெவாடா மலையில், கற்குவியல்களுக்குப் பேர்போன ரூபிகான் டிரெயிலில் இன்னொன்றும் தெரியவரும். நீள ஆர்ம்கள் வயிற்றுக்கடியில் ஓடுவதால், வண்டி கூரான பாறை முகட்டைத் தாண்டும்போது அவையே மாட்டிக்கொள்ளும். சேஸிஸ் முனையில் ஆர்ம் எவ்வளவு உயரத்தில் ஏறி நிற்கிறது என்பதை வாங்குமுன் அளந்து பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

மாட்டும்போது மெக்கானிக்குகள் அடிக்கடி தவறவிடும் வேலை ஒன்று உண்டு. ரப்பர் புஷ் உள்ள போல்ட்களை, வண்டி லிஃப்ட்டில் தொங்கும்போது முழுவதும் இறுக்கக் கூடாது. சக்கரங்கள் தரையில் நின்று எடை இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து கிழிந்துவிடும். பிறகு முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வான காஸ்டர் கோணத்தை அளந்து அலைன்மென்ட் பார்த்து, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லா போல்ட்களையும் மறுபடி சோதிக்க வேண்டும்.

இந்தியச் சாலைகளில் நிலைமை வேறு. 2020இல் வந்த இரண்டாம் தலைமுறை மஹிந்திரா தாரின் முன்பக்கம் தனித்தனியே இயங்கும் டபுள் விஷ்போன் அமைப்பு. இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை ஆக்சிலுக்கான இந்தக் கிட்டுக்கு அங்கே வேலையில்லை. 2023இல் இங்கே விற்பனைக்கு வந்த மாருதி சுசுகி ஜிம்னியில் முன்னும் பின்னும் ஒற்றை ஆக்சில், காயில் ஸ்பிரிங். முன்பக்கம் ரேடியஸ் ஆர்ம் வகை. சிறிதளவு உயர்த்துபவர்கள் காஸ்டரைத் திருத்தும் புஷ்களைப் போட்டாலே பெரும்பாலும் போதும். எதைச் செய்வதாக இருந்தாலும் மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது அது. கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. எனவே இங்கே சேஸிஸில் வெல்டிங் வைக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் விசாரித்து, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது அவசியம்.