'ஹைப்பர்பொலிக்' என்னும் ஆங்கிலப் பெயரடை

மிகைபடக் கூறுதலைக் குறிக்கும் பெயரடைகள் ஆங்கிலத்திலே பலவுள. அவற்றுள் 'ஹைப்பர்பொலிக்' என்பதனை நம் மாணாக்கர் பெரும்பாலும் 'பொய்யான' என்னும் பொருள்பட வழங்குகின்றனர். அகராதியிலே 'மிகைப்படுத்திய' என்று கண்டு, மிகையாவதெல்லாம் பொய்யே எனத் துணிந்துவிடுதலே இதற்குக் காரணம் போலும். சொல்லின் பிறப்பை நோக்குவார்க்கு இம்மயக்கம் நேராது.

கிரேக்க மொழியிலே 'ஹூப்பெர்' என்பது மேல், அப்பால் எனப் பொருள்படும்; 'பல்லெயின்' என்பது எறிதல். ஆகவே 'ஹைப்பர்பொலி' என்னும் பெயர்ச்சொல் அப்பால் எறிதல் என்றவாறாம். (இதனை நான்கு அசையாக ஒலித்தல் வேண்டும், ஈற்றைப் 'போல்' என ஒலித்தல் வழு.) அரிஸ்டோட்டில் தமது அணியியல் நூலின் மூன்றாம் புத்தகத்திலே, இவ்வகைக் கூற்று இளமைத் துடிப்புடையதென்றும், சினங்கொண்டோர் வாயிலே மிகுதியும் பிறப்பதென்றும், முதியோர்க்குப் பொருந்தாதென்றும் கருதுகின்றார். 'ஆயிரம் முறை சொன்னேனே!' என்று வகுப்பிலே வெகுளும் ஆசிரியர், வயது எதுவாயினும், அப்பொழுது இளைஞரே.

இனி, 'எக்ஸாஜரேற்றட்' என்னும் சொல்லோடு இதனை ஒப்பிடுவோம். அது குவியல் அல்லது மேடு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. உள்ளதன்மேல் மேலுங் குவித்தல் என்பது கருத்து. வெள்ளத்திலே நான்கு ஆடுகளை இழந்தவன் பத்து ஆடுகளை இழந்ததாக மனுவில் எழுதுவானாயின், அவன் கூற்று 'எக்ஸாஜரேற்றட்'. படிப்போர் அவ்வெண்ணை நம்பவேண்டுமென்றே அவன் எழுதுகின்றான். அவனே 'என் கண்ணீராற் குளம் நிறைந்தது' என்பானாயின், அது 'ஹைப்பர்பொலிக்'. குளத்தை அளக்க ஒருவரும் போகார். முன்னையதில் ஏமாற்றும் எண்ணம் இருத்தல் கூடும். பின்னையதில் அஃது இல்லை. ஆதலின், துன்புற்றவன் உணர்ச்சி மேலிட்டுக் கூறிய சொல்லைச் சுருக்கி எழுதுவோர் 'எக்ஸாஜரேற்றட்' என்று குறித்துவிடின், அவனைப் பொய்யன் ஆக்கியவராவர். ஒரு பெயரடையின் தெரிவினால் ஒருவன் வழக்கே கெடும். அன்றியும், அச்சம், நடை, சைகை முதலியவற்றுக்கும் 'எக்ஸாஜரேற்றட்' அடையாகும். 'ஹைப்பர்பொலிக்' பெரும்பாலும் சொல்லுக்கும் புகழுரைக்குமே அடையாய் வரும். 'பொம்பாஸ்ரிக்' என்பது வேறு. உடையினுள்ளே திணிக்கும் பஞ்சைக் குறித்த சொல்லடியாகப் பிறந்த அது, பொருளின்றிப் பருத்த நடையையே சுட்டும்.

தமிழிலே இவ்வணியை உயர்வு நவிற்சி என்பர். தண்டியலங்காரம் அதிசயம் எனப் பெயரிட்டு அறுவகைப்படுத்தும். ஈண்டு நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. வடமொழித் தண்டியாசிரியர் உலக எல்லையைக் கடந்து செல்வதே இவ்வணி என்றார். கிரேக்கச் சொல்லின் பொருளும் அதுவே. தமிழ்நூலாரோ, உலக வரம்பு கடவாமலே ஆன்றோர் வியக்கத் தோன்றவேண்டும் என்று விதித்தார். மூலத்தைத் தழுவிய நூல் மூலத்துக்கு மாறாக நிற்கும் இவ்விடம் தற்செயலாக நேர்ந்ததன்று என்பது எம் கருத்து.

கணிதம் பயில்வோர் இப்பெயரடையை வேறொரு பொருளிலே அறிவர். கூம்பை வெட்டுவதாற் பெறப்படும் வளைவுகளுக்குப் பெயரிட்டவர் பெர்கா நகரத்து அப்பொலோனியர். வளைவின் ஒரு புள்ளியினின்றும் அச்சுக்கு வரையுங் கோட்டின்மேல் அமையுஞ் சதுரத்தை, குறித்ததோர் நீளத்தின்மேல் அமையுஞ் செவ்வகத்தோடு அவர் ஒப்பிட்டார். இரண்டும் சமமாயின் பரவளைவு, சதுரங் குறையின் நீள்வளையம், மிகின் அதிபரவளைவு. இம்மூன்றன் கிரேக்கப் பெயர்களே சொல்லிலக்கணத்திலும் முறையே உவமைக் கதைக்கும், சொல் எஞ்சி நிற்றலுக்கும், உயர்வு நவிற்சிக்கும் பெயராயின. நம்மவர் 'அதிபரவளைவு' என ஆக்கிய சொல்லிலும் 'அதிசயம்' என்பதிலும் 'அதி' என்னும் அதே முன்னொட்டு நிற்றல் காண்க.

இவ்வகையில் வரும் 'ஹைப்பர்பொலிக்' என்பதற்கு மிகைக்கூற்று என்னும் பொருள் சிறிதுமில்லை. 1871ஆம் ஆண்டிலே பீலிக்ஸ் கிளைன் என்னும் ஜெர்மானியர் யூக்கிளிட்டின் வழிப்படாத கேத்திரகணிதம் ஒன்றுக்கு இவ்வடையைச் சூட்டினார். 2017ஆம் ஆண்டிலே கண்டறியப்பட்ட 'ஓமுவாமுவா' என்னும் விண்பொருளின் பாதையும் 'ஹைப்பர்பொலிக்' எனப்பட்டது. அதன் மையவகற்சித்திறன் ஏறக்குறைய 1.2. அஃது ஒன்றின் மிகுமாயின், வந்த பொருள் ஞாயிற்றை ஒருமுறை அணுகி மீளாது போய்விடும். அத்தொடரை 'மிகைப்படுத்திய பாதை' என்று பெயர்ப்பாரும் உளர்.