தலைக்கவசம் காக்காத மூளை

2010 மார்ச் 7. பிட்ஸ்பர்க் நகரில் ஐஸ் ஹாக்கி ஆட்டம். பாஸ்டன் புரூயின்ஸ் வீரர் மார்க் சவார்ட் பக் என்ற ரப்பர் வட்டைக் கோலை நோக்கி அடித்துவிட்டார். பக் போன திசையிலேயே அவர் கண்ணும் இருந்தது. அவர் பார்க்காத பக்கத்திலிருந்து பெங்குவின்ஸ் அணியின் மேட் குக் வேகமாகச் சறுக்கி வந்து, தோளால் அவர் தலையில் இடித்தார். சவார்ட் சரிந்து விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுபோனார்கள். நடுவர் தண்டனை எதுவும் கொடுக்கவில்லை. குக்குக்கு ஒரு ஆட்டம்கூடத் தடை இல்லை. அன்றைய விதிப்புத்தகப்படி அது குற்றமே இல்லை.

பார்க்காமல் இருப்பவரின் தலையைக் குறிவைத்து இடிப்பதைத் தடுக்கும் விதியை, இந்த அணிகள் ஆடும் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல். அந்த மாதம் முடிவதற்குள் அவசரமாகக் கொண்டுவந்தது. இன்று ரசிகர்கள் 48-வது விதி என்று சொல்வது அதிலிருந்து வளர்ந்ததுதான். சவார்டுக்கு அதனால் பயன் இல்லை. மே மாதம் திரும்பி வந்து கூடுதல் நேரத்தில் வெற்றி கோல் அடித்தார்; 2011 ஜனவரியில் இன்னொரு இடி வாங்கினார்; அதன்பிறகு ஒரு ஆட்டமும் ஆடவில்லை.

ஐஸ் ஹாக்கியில் உடலால் மோதுவது விதிக்கு உட்பட்டது. பக்கை வைத்திருப்பவரைத் தோளாலும் இடுப்பாலும் இடித்து, பக்கிலிருந்து பிரிக்கலாம். 'பாடி செக்' என்பார்கள். சரியான நேரத்தில், சரியான கோணத்தில் விழும் நல்ல செக்கைப் பார்த்தால் நான் இருக்கையை விட்டு எழுந்து கத்துவேன். அது இந்த ஆட்டத்தின் உயிர். அதை எடுத்துவிட வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். என் சண்டையெல்லாம் தலையைப் பற்றியது மட்டும்தான்.

தலைக்கு என்ன ஆகிறது என்பதற்கு முன் வேகத்தைப் பார்க்க வேண்டும். 90 கிலோ எடையுள்ள வீரர் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் உள்ள இயக்க ஆற்றல் 4,500 ஜூல். அதே ஆள் பாதி வேகத்தில் வந்தால் ஆற்றல் பாதியாகாது, கால் பங்காகிவிடும். வேகத்தின் வர்க்கத்தோடு ஆற்றல் கூடுவதால், ஆட்டம் கொஞ்சம் வேகமானாலும் இடியின் கனம் அதைவிட அதிகமாக ஏறுகிறது. ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டியதும் விதிகள்தான். 2004-05 பருவம் முழுவதும் ரத்தான பிறகு லீக் திரும்பி வந்தபோது, இரண்டு கோடுகளைத் தாண்டும் பாஸுக்கு இருந்த தடையை எடுத்தார்கள். ஓடி வருபவரை மட்டையால் கொக்கி போட்டு இழுப்பதையும், பிடித்து நிறுத்துவதையும் கண்டிப்பாகத் தண்டித்தார்கள். ஆட்டம் அழகானது. கூடவே, குறுக்கே எந்தத் தடையும் இல்லாமல் முழு வேகத்தில் வந்து மோதவும் வழி திறந்தது. இதை யாரும் அப்போது கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இனி மண்டைக்குள். கிட்டத்தட்ட 1.4 கிலோ எடையுள்ள மூளை, மண்டையோட்டுக்குள் மூளைத் தண்டுவடத் திரவத்தில் மிதக்கிறது. தாடையிலோ கன்னத்திலோ இடி விழும்போது தலை பின்னால் தள்ளப்படுவதோடு நிற்பதில்லை. கழுத்தை அச்சாகக் கொண்டு வெடுக்கென்று சுழல்கிறது. தயிர்ச் சட்டியைச் சட்டென்று திருகினால் சட்டி முதலில் திரும்பும், உள்ளே இருக்கும் தயிர் பின்தங்கி விரிசல் விடும். மூளைக்குள் அப்படி இழுபடுவது நரம்பணுக்களின் நீண்ட இழைகள். இழுபட்ட இழைகளின் சவ்வு வழியாகப் பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. பழைய நிலைக்குத் திரும்ப நரம்பணுவின் பம்புகள் இரவு பகலாக ஓட வேண்டும்; அதற்கு ஏராளமான ஆற்றல் வேண்டும். அதே நேரத்தில் மூளைக்கு வரும் ரத்த ஓட்டமோ குறைந்துவிடுகிறது. தேவை உச்சத்தில், வரவு பள்ளத்தில். கன்கஷன் என்கிற மூளை அதிர்ச்சி இந்த நெருக்கடிதான். நினைவு தப்ப வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. வழக்கமான ஸ்கேனில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. இந்த நெருக்கடி நீடிக்கும் நாட்களில் இன்னொரு அடி விழுந்தால் அதைத் தாங்க மூளையிடம் கையிருப்பு இல்லை.

தலைக்கவசம் இருக்கிறதே என்பார்கள். கவசம் மண்டையோடு உடையாமல் காக்கத்தான் பிறந்தது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. 1968 ஜனவரியில் மினசோட்டா அணியின் பில் மாஸ்டர்டன் கவசம் இல்லாமல் ஆடினார். மோதலில் பின்னால் விழுந்து தலை அடிபட்டு, இரண்டு நாளில் இறந்தார். என்.எச்.எல். ஆட்டத்தில் பட்ட காயத்தால் நேரடியாக உயிரிழந்த ஒரே வீரர் அவர். அதற்குப் பிறகும் புதிய வீரர்களுக்குக் கவசம் கட்டாயமாக 1979 வரை காத்திருந்தார்கள். ஆனால் உள்ளே மூளை சுழல்வதைக் கவசத்தின் நுரை எப்படி நிறுத்தும்? வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2015-ல் கடைகளில் கிடைத்த ஹாக்கி கவசங்களைச் சோதித்து நட்சத்திரம் கொடுத்தபோது, ஐந்து நட்சத்திரமோ நான்கு நட்சத்திரமோ ஒன்றுக்கும் கிடைக்கவில்லை.

கழுத்துக்கும் இதில் பங்கு உண்டு. இடி வருவதைப் பார்த்துவிட்டவர் கழுத்துத் தசையை இறுக்கிக்கொள்கிறார். அப்போது தலை உடலோடு சேர்ந்து நகர்கிறது, சுழல்வது குறைகிறது. பார்க்காதவருக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. "தலை நிமிர்ந்து ஆடத் தெரியாதவன் அடி வாங்கத்தான் செய்வான்" என்று அரங்கில் எனக்குப் பக்கத்து இருக்கைக்காரர் ஒருவர் அடிக்கடி சொல்வார். பயிற்சியாளர்கள் சொல்லும் நல்ல அறிவுரைதான். ஆனால் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் சறுக்கிக்கொண்டே காலடியில் பாஸ் வாங்குபவர், ஒரு நொடியாவது கீழே பார்த்துத்தான் ஆக வேண்டும். எதிரே வருபவருக்கோ முழுக் காட்சியும் தெரிகிறது. தெரிந்தவர்மேல் பொறுப்பை வைப்பதுதானே நியாயம்?

இதே பொறுப்பைப் பழைய ஆட்டங்களில் தேடினால் கிடைக்காது. என்.எச்.எல். பட்டத்துக்கான 2003 ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் நியூ ஜெர்சியின் ஸ்காட் ஸ்டீவன்ஸ், அனாஹைமின் பால் கரியாவை இடித்தார். கரியா மல்லாந்து கிடந்தார், அசைவே இல்லை. பிறகு அவர் முகத்தின் முன்னிருந்த கண்ணாடித் தகட்டில் மூச்சின் ஆவி படிந்து வெளுத்தது. உயிர் இருக்கிறது என்று பார்த்தவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதே ஆட்டத்தில் அவர் திரும்பி வந்து கோல் அடித்தார். அரங்கம் அதிர்ந்தது; வீரத்தின் உச்சம் என்று கொண்டாடினோம். மேலே சொன்ன பொட்டாசியம், கால்சியம் கணக்கைப் படித்த பிறகு அந்த கோலை என்னால் மகிழ்ச்சியோடு பார்க்க முடியவில்லை. ஆற்றல் வற்றிக் கிடந்த மூளையோடு ஒரு மனிதரை மறுபடியும் மோதலுக்குள் அனுப்பியிருக்கிறார்கள். கரியா 2011-ல் கன்கஷன்களின் காரணமாக ஓய்வுபெற்றார்.

விதி மாறினால் ஆட்டம் செத்துவிடும் என்ற பயத்துக்குச் சிறுவர் ஹாக்கியில் பதில் இருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு பாடி செக் அனுமதி இருந்தது, கியூபெக்கில் இல்லை. கால்கரி பல்கலைக்கழகத்தின் கரோலின் எமெரி குழு இரு மாகாணங்களையும் ஒப்பிட்டு 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஆல்பர்ட்டா பிள்ளைகள் ஆட்டத்தில் காயம்படும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. சீக்கிரம் பழகாவிட்டால் வளர்ந்த பிறகு அதிகம் அடிபடுவார்கள் என்ற வாதத்தையும் அதே குழு சோதித்தது. 13, 14 வயதில் இரு மாகாணங்களுக்கும் கன்கஷனில் வித்தியாசம் இல்லை. ஒரு வாரத்துக்கு மேல் ஆடவிடாமல் செய்யும் காயங்கள் மட்டும் முன்பே பழகியவர்களுக்குக் குறைவாக இருந்தன. அந்த ஒரு லாபத்தை மறைக்கக் கூடாது. ஆனால் அதற்காகப் பதினொரு வயது மூளையைப் பணயம் வைக்க எந்தப் பெற்றோரும் சம்மதிக்க மாட்டார்கள். 2013-ல் ஹாக்கி கனடா அந்த வயதினருக்கு நாடு முழுவதும் பாடி செக்கைத் தடைசெய்தது.

பெரியவர்களும் மாறுவார்கள் என்பதற்கு மேட் குக்கே சாட்சி. 2011 மார்ச்சில் இன்னொருவரின் தலையில் முழங்கையால் இடித்ததற்காக, அந்தப் பருவத்தின் மிச்ச ஆட்டங்களும் பிளேஆஃப் என்ற இறுதிக்கட்டப் போட்டியின் முதல் சுற்றும் அவருக்குத் தடை. அந்தப் பருவத்தில் 129 தண்டனை நிமிடங்கள் வாங்கியவர், அடுத்த பருவத்தில் வாங்கியது 44. கோல்களோ 19, அவருடைய வாழ்க்கையிலேயே அதுதான் அதிகம். 2014-ல் முழங்காலால் இடித்து மறுபடியும் தடை வாங்கினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் தண்டனை வலித்தபோது அவர் உடம்பு வேறு கோணத்தில் வரக் கற்றுக்கொண்டது.

48-வது விதியில் எனக்குள்ள குறை இதுதான். தலை முக்கியமாக அடிபட்டிருக்க வேண்டும். அந்த அடி தவிர்க்கக்கூடியதாகவும் இருந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் குற்றம். அடி வாங்கியவர் கடைசி நொடியில் குனிந்துவிட்டார் என்று காட்டினால் இடித்தவர் தப்பித்துவிடலாம். முன்னாள் கோல்கீப்பர் கென் டிரைடன், இறந்தபின் மூளையில் சிதைவுநோய் கண்டறியப்பட்ட என்.எச்.எல். வீரர் ஸ்டீவ் மாண்டடோரைப் பற்றி 2017-ல் எழுதிய 'கேம் சேஞ்ச்' நூலில், தலைக்கு விழும் எந்த அடியும் தண்டனைக்குரியது என்று எளிமையாக்கச் சொன்னார். தோளா, முழங்கையா, வேண்டுமென்றா, தவறுதலா என்ற விசாரணை நரம்பிழைக்குத் தெரியாது. மட்டை எதிராளியின் முகத்தில் பட்டால், எண்ணம் என்னவென்று கேட்காமல் என்.எச்.எல். இன்றும் தண்டிக்கிறது. தன் மட்டைக்கு ஒவ்வொருவரும் பொறுப்பு என்றால், தன் தோளுக்கும் பொறுப்புதான்.

2024-ல் தொடங்கிய பி.டபிள்யூ.எச்.எல். என்ற பெண்கள் தொழில்முறை லீக்கில் பாடி செக் உண்டு; மோதல்களுக்கும் குறைவில்லை. அதன் இரண்டாவது பருவத்திலிருந்து, தலையில் விதிமீறி இடித்தால் ஐந்து நிமிட மேஜர் தண்டனை, கூடவே ஆட்டத்திலிருந்து வெளியேற்றம். அரங்குகள் நிரம்பிக்கொண்டுதான் இருக்கின்றன.