உடன்பிறந்தாரும் பேய்மகளும்: நீலி கதை பற்றிய ஓர் ஒப்பாய்வு

உடன்பிறந்த சிறார் காட்டிடையே சூனியக்காரி ஒருத்தியை எதிர்ப்பட்டு வென்று மீளும் மாயக்கதை உலகின் பல மொழிகளிலும் வழங்குவதாகும். செருமானிய நாட்டுக் கிரிம் உடன்பிறந்தார் 1812ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுப்பிலுள்ள ஏன்சல், கிரெட்டல் கதை இதற்குச் சிறந்த சான்று. ஆர்னே, தாம்சன் என்னும் அறிஞர்தம் கதை அடைவில் இது 327ஆம் வகையின் முதற்பிரிவாக எண்ணப்பெறும். சி. எஸ். லூயிசு 1950இல் வெளியிட்ட நார்னியாப் புதினத்தில் உடன்பிறந்தார் நால்வராகின்றனர். சூனியக்காரியோ ஒரு நாட்டையே பனியில் உறையச் செய்கின்றாள். இவ்வகைக் கதை தமிழில் உண்டோ என வினவின், உண்டு. ஆயின் தலைகீழாய் உண்டு என்பதே நமது விடையாகும். அதனை ஈண்டு விளக்குவாம்.

பைம்பொழில் என்றும் பெயர்பெறும் பண்பொழி, மேற்குமலையின் அடியில், தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் அண்மையில் உள்ளது. அதன் திருமலையில் முருகன் கோயில் கொண்டுள்ளான். அணித்தே உள்ள குற்றாலம் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியால் புகழ்பெற்றது. ஏட்டிலக்கியம் மலையையும் அருவியையும் பாடிய இந்நிலப்பகுதியில், வாய்மொழி இலக்கியம் ஊர்ப்புறத்துத் தெய்வங்களைப் பாடிற்று. 2019இல் தனி மாவட்டமாகிய தென்காசியும், திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களும் வில்லுப்பாட்டு வளர்ந்த களங்களாம். அவ்வில்லிசையிற் பாடப்பெறும் கதைகளுள் இசக்கியம்மன் கதை என்னும் நீலி கதை தலையாயது. இது சிறார்க்கென எழுந்த கதையன்று. எனினும் கொடை விழாவின் இரவில் அன்னையர் மடியிலிருந்து சிறாரும் கேட்கும் கதையே.

கதையின் சுருக்கம்

பாடந்தோறும் சிறு வேறுபாடுகள் இருப்பினும் கதையின் உட்கோள் ஒன்றே. கணிகையொருத்தி, தன்பால் பொருளிழந்து நீங்கிய வேதியனைத் தொடர்ந்து காட்டிற்குச் செல்கின்றாள். உறங்கும் அவளைக் கொன்று அணிகலன்களை அவன் கவர்கின்றான். கண்ட சான்று அருகில் நின்ற கள்ளிச்செடி ஒன்றே. அவளைத் தேடிவந்த உடன்பிறந்தானும் அவ்விடத்தே உயிர்விடுகின்றான். இருவரும் சோழ மன்னனுக்கு நீலன், நீலி என்னும் குழந்தைகளாகப் பிறக்கின்றனர். இரவில் தொட்டிலை நீங்கிக் கால்நடைகளைத் தின்று மீள்கின்றனர். உண்மை வெளிப்பட்டதும் மன்னன் அவர்களைக் காட்டில் வேம்பின் அடியில் விடச்செய்கின்றான். நீலன் அழிந்தபின் நீலி தனியளாகின்றாள். வேதியன் வணிகனாய் மறுபிறவி எடுத்துவர, அவள் கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவனே தன் கணவன் என ஊரவையில் வழக்கிடுகின்றாள். அவை அவள் சொல்லை நம்பி இருவரையும் ஓரறையில் வைக்க, அவள் பழி முடிக்கின்றாள். வணிகன் உயிர்க்குப் பிணைநின்ற வேளாளர் எழுபதின்மரும் சொற்பிழையாது தீப்புகுந்தனர் என்பது தொண்டைநாட்டுப் பழையனூர் வழக்கு.

ஒப்புமையும் வேற்றுமையும்

இரு கதைகளிலும் பெற்றோர் மக்களைக் காட்டில் விடுகின்றனர். இரண்டிலும் பசியே காரணம். ஆயின் கிரிம் கதையில் அது வறுமையுற்ற குடியின் பசி. நீலி கதையில் குழந்தைகளின் பசி. ஆண்டுச் சிறாரைத் தின்ன முயல்பவள் சூனியக்காரி. ஈண்டுச் சிறாரே தின்போர். இரண்டிலும் வினைமுடிப்பவள் தங்கையே. கிரெட்டல், கூண்டில் அடைபட்ட தமையனைக் காக்கச் சூனியக்காரியை அடுப்பிற் தள்ளுகின்றாள். நீலி, காக்க இயலாது போன தமையனுக்கும் தனக்குமாகப் பழிவாங்குகின்றாள். இரண்டிலும் முடிவில் தீ உண்டு. எனினும் கிரெட்டல் தந்தையின் இல்லத்திற்கு மீள்கின்றாள். நீலிக்கு மீள்வதற்கு இல்லம் இல்லை.

இவற்றால் போதருவது யாது? கிரிம் கதையில் தங்கையும் சூனியக்காரியும் இருவேறு மாந்தர். ஒருத்தி அழிய ஒருத்தி வாழ்கின்றாள். நீலி கதையிலோ இவ்விருவரும் ஒருவரே. அவள் பேயானது இயல்பினால் அன்று, கொலையினால் ஆகும். பார்த்து நின்ற கள்ளியே பின்னர் அவள் இடுப்பிற் குழந்தையாவது ஓர்தற்குரியது. முன்பு வாய்திறவாச் சான்று, அவையின் நடுவே அவள் கூற்றுக்குச் சான்றாகின்றது. உண்மையான கொலைக்கு வழக்கிட அவை இன்மையின், பொய்யான மணத்தைக் காட்டி வழக்கிடுகின்றாள். கதையின் அறக்கூர்மை இங்கேயே உள்ளது. அவ்வவை அறியாது பொய்க்குத் துணைநின்றது. அதனால் நிகழ்ந்ததோ ஒருவகை நீதி. பிழையற்ற எழுபதின்மரும் மாய்தலால் அந்நீதி முழுமை பெறாமையும் தெளிவாம்.

ஏட்டிலக்கியம் இவளை வேறொரு வழியில் மீட்டது. சமண நூலாகிய நீலகேசியில் பழையனூர் நீலி முனிச்சந்திரரின் அறவுரையால் கொலை நீங்கிச் சமய வாதம் புரிபவளாகின்றாள். நாட்டார் மரபோ அவளை மாற்றாது தெய்வமாக்கிற்று. இயக்கி என்னும் சொல்லே இசக்கி எனத் திரிந்தது. சிலப்பதிகாரத்தில் மாதரி இயக்கிக்குப் பால்மடை கொடுத்து மீளும் செய்தி அவ்வழிபாட்டின் தொன்மையை உணர்த்தும். இசக்கியின் திருவுருவங்களில் கையிலொரு குழந்தையும், வாயிலோ காலடியிலோ மற்றொன்றும் காணலாம். அவளிடமே பெண்டிர் மகப்பேறு வேண்டித் தொட்டில் கட்டுகின்றனர். தின்பவளும் காப்பவளும் ஒருருவில் நிற்றல் இதுவே.

ஆதலின் இசக்கியைச் சூனியக்காரி என மொழிபெயர்த்து, கதையை 327ஆம் எண்ணின்கீழ் அடைத்துவிடுதல் போதாது. அவ்வெண் நிகழ்ச்சிகளின் ஒற்றுமையைக் காட்டும். அஞ்சப்படுபவள் யார், அவளை அவ்வாறு ஆக்கியவர் யார் என்னும் வினாவை எழுப்பாது. அயல்நாட்டுக் கதை சிறார்க்குச் சூனியக்காரியை வெல்லக் கற்பிக்கின்றது. கொடைப் பந்தலில் விழித்திருக்கும் சிறார் கேட்கும் கதையோ, அவளும் முன்பு ஒருவனுக்குத் தங்கையாய் இருந்தாள் என்பதை மறவாதிருக்கக் கற்பிக்கின்றது. நம் வாய்மொழிக் கதைகளை வகைப்படுத்த முற்படும் ஆய்வாளர் முதற்கண் கொள்ளத்தக்கது இவ்வேறுபாடே என்க.