பாஸ்டனிலிருந்து வட்டுக்கோட்டைக்கு

குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற எங்கள் குரோம்பேட்டையில், கடைசி மின்சார ரயிலும் போய் ஊர் அடங்கிய பின் பழைய நூல் எதையேனும் படித்துக்கொண்டிருக்கையில், அரிய சொல் ஒன்று வழிமறிக்கும்போதெல்லாம் என் கை நாடுவது, 1862-ல் சென்னையில் அச்சான மிரன் வின்ஸ்லோவின் தமிழ் - ஆங்கிலப் பேரகராதியையே. 67,000-க்கு மேற்பட்ட சொற்களைத் தாங்கிய அந்நூலின் பூர்வோத்தரத்தை விசாரித்துக்கொண்டே போனால், 17-ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கடற்கரையில் போய் நிற்போம்.

இங்கிலாந்துத் திருச்சபை பழைய சடங்குகளை முற்றிலும் களையவில்லையே என்று மனம் நொந்து, 1630-ல் பாஸ்டனைச் சுற்றிக் குடியேறிய பியூரிட்டன்களின் சித்தாந்தப்படி, இன்னாருக்கு இரட்சிப்பு என்பது சிருஷ்டிக்கு முன்பே கடவுளின் சங்கற்பத்தில் தீர்ந்துவிட்ட காரியம். மனிதனின் சத்கர்மங்கள் அதை அணுவளவும் மாற்றா. கிருபை நம் முயற்சிக்குக் கட்டுப்பட்டதன்று என்ற மட்டில் தென்கலை வைணவரின் மார்ஜார நியாயம் நமக்கு நினைவு வரலாம். ஆனால், தாய்ப்பூனையின் வாயில் தொங்கும் குட்டியின் நிர்ப்பயம் பியூரிட்டனுக்கு வாய்க்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டோருள் தானும் ஒருவனோ என்ற ஓயாத நடுக்கமே அவனை அன்றாடம் ஆத்ம பரிசோதனை செய்யவும், நாட்குறிப்பு எழுதவும், வேதத்தைத் தானே வாசித்துத் தெளியவும் தூண்டிற்று. உழவனும் பணிப்பெண்ணும்கூட எழுத்தறிந்தாக வேண்டும் என்றாயிற்று. 1636-ல் ஹார்வர்டு கல்லூரி எழுந்ததும், 50 குடும்பங்கள் உள்ள ஊர் ஒவ்வொன்றும் ஆசிரியர் ஒருவரை அமர்த்த வேண்டுமென்று 1647-ல் சட்டம் பிறந்ததும் இதனாலேயே. மாற்றுக் கருத்துரைத்த ரோஜர் வில்லியம்ஸை வெளியேற்றியவர்களும், குவேக்கர் நால்வரைத் தூக்கிலிட்டவர்களும் இவர்களே என்பதை மறைப்பது நியாயமாகாது.

இவர்களுடைய சந்ததியாரான காங்கிரிகேஷனல் சபையார் 1810-ல் நிறுவிய அமெரிக்கன் மிஷன் 1816-ல் யாழ்ப்பாணம் வந்தது. எழுத்தறிவின் மீது முன்னோர் கொண்டிருந்த பற்றும் கூடவே வந்தது. 1823-ல் வட்டுக்கோட்டையில் செமினரியும், மறு ஆண்டில், அந்த மிஷனைச் சேர்ந்தவரான நம் அகராதிக்காரர் வின்ஸ்லோவின் மனைவி ஹாரியட்டின் பொறுப்பில் உடுவிலில் பெண்கள் விடுதிப் பள்ளியும் தோன்றின. வேதத்தோடு கணிதமும் வானசாஸ்திரமும் தமிழும் சமஸ்கிருதமும் வட்டுக்கோட்டையில் போதிக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் அங்கே பயின்றவர்களே. அவர்களில் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை, பிற்காலத்தில் சைவ நெறியில் நின்று, செல்லரித்த ஏடுகளைத் தேடித் தேடித் திரட்டி, 1887-ல் கலித்தொகையை அச்சேற்றினார்.